நூற்றெண்பது டன் ஈயம்

கப்பல் கட்டும் தளத்தில் அவளுக்குத் ‘தராசு’ என்று பெயர் விழுந்தது வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில். பெயர் வைத்த ஆசாமிதான் பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டவரும்.

அவர் கேபிள் இழுக்கும் பிரிவில் எலக்ட்ரீஷியன். ஒரு நாள் காலை பெரிய மர உருளையில் சுற்றிய கேபிளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்கு வந்தார். சீட்டில் ஆயிரத்து இருநூறு கிலோ என்று எழுதியிருந்தது. அவள் மேடையில் ஏற்றச் சொன்னாள்.

“சீட்டுலதான் போட்டிருக்கே. கம்பெனிக்காரன் பொய் சொல்வானா?”

“ஏத்துங்க.”

ஏற்றினார்கள். முள் ஆயிரத்து முந்நூற்றுப் பத்தில் போய் நின்றது. அவர் முள்ளையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

“அம்மா தராசு, உங்ககிட்ட யாரும் கதை விட முடியாது போலிருக்கே!” என்று தலைக்கு மேல் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் தளம் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

அவளுடைய வேலை கேட்க எளிது. கட்டிக்கொண்டிருக்கும் கப்பலுக்குள் என்ன போனாலும் அவள் எடைமேடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏணி, கதவு, குழாய், பீரங்கி, சமையலறை அடுப்பு, கட்டில், பெயின்ட் டப்பா, எதுவானாலும் சரி. எவ்வளவு எடை, கப்பலின் அடித்தட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் உட்காரப் போகிறது என்று இரண்டையும் எழுதிக்கொள்வாள். கணக்குப் படித்தவள், அதனால் அந்த வேலை கொடுத்தார்கள்.

அப்போது கட்டிக்கொண்டிருந்தது ஒரு டெஸ்ட்ராயர். நாசகாரி என்று செய்தித்தாளில் எழுதுவார்கள். வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்துக் கட்டாமல் அந்தத் தளமே சொந்தமாக வரைந்த முதல் போர்க்கப்பல் அது. தலைமை வடிவமைப்பாளரும் அவருக்குக் கீழே நாற்பது பேரும் ஆறு வருஷம் உட்கார்ந்து வரைந்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் அவருக்குத் தலைமுடி கொட்டிப் போயிற்று. யார் வந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மரத்தாலான மாதிரிக் கப்பலைக் காட்டாமல் விடமாட்டார்.

டெஸ்ட்ராயர் வேகமாக ஓட வேண்டிய கப்பல். அதனால் நீளம் அதிகம், அகலம் குறைவு. ஆனால் தூரத்தில் வருவதைப் பார்க்க ரேடார் வேண்டும், அது உயரத்தில் இருந்தால்தான் கண் தெரியும். உடம்பு ஒல்லி, தலையில் சுமை. சுமை அளவோடு இருந்தால் அலை எவ்வளவு சாய்த்தாலும் கப்பல் நிமிர்ந்துகொள்ளும். அளவு மீறினால் சாய்ந்தது சாய்ந்ததுதான். அந்த அளவைத்தான் தராசு காவல் காத்தாள்.

மூன்று வருஷம் எழுதினாள். எழுத எழுதக் கணக்கு இடித்தது. வரைபடத்தில் இருந்த எடை ஒன்று, மேடையில் ஏறிய எடை இன்னொன்று. கேபிள் கூடுதல். அதைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் கூடுதல். ஒரு பூச்சு அடிக்க வேண்டிய இடத்தில் மூன்று பூச்சு. எல்லாம் சில்லறை சில்லறையாகச் சேர்ந்து, மேல்தளத்துக்கு மேலே மட்டும் தொண்ணூறு டன் அதிகமாகிவிட்டது. அதற்குள் கேபிள்காரருக்கும் அவளுக்கும் கல்யாணமும் ஆகியிருந்தது.

“என் கேபிளை எடை போட்டே என் மானத்தை வாங்கிட்டா. இனிமே சோத்துலயும் எடை போட்டுத்தான் வைப்பா” என்று அவர் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. கணக்கை எடுத்துக்கொண்டு தலைமை வடிவமைப்பாளரின் அறைக்குப் போனாள். அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

“தொண்ணூறு டன்னா? உங்க மேடையில ஏதோ கோளாறும்மா. ஆளை விட்டுச் சரிபார்க்கச் சொல்றேன்.”

ஆள் வந்தார். முத்திரைக் கற்களை வைத்துச் சரிபார்த்தார். மேடையில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளுக்கு யாரும் பதில் எழுதவில்லை.

கப்பல் தண்ணீரில் இறங்கியது. கட்டி முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. கப்பலைக் காற்றில்லாத நாளில், அலையில்லாத தொட்டித் துறையில் நிறுத்துவார்கள். உள்ளே நடுக்கூடத்தில் ஏழு மீட்டர் கம்பியில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது சும்மா ஆடாமல் இருக்க எண்ணெய்த் தொட்டியில் முக்கிவைப்பார்கள். குண்டுக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு மரச்சட்டம். பிறகு மேல்தளத்தில் இரும்புக் கட்டிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தினால் கப்பல் கொஞ்சம் சாயும், கம்பி சட்டத்தின்மேல் நகரும். அந்த நகர்வை வைத்துக் கப்பல் எவ்வளவு திடமாக நிற்கிறது என்று சொல்லிவிடலாம். சோதனை முடியும்வரை கப்பலில் ஒருவரும் அசையக் கூடாது.

தராசு அன்றைக்கு ஆறு மாதக் கர்ப்பிணி. மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பென்சிலோடு காத்திருந்தாள். எதிரே தலைமை வடிவமைப்பாளர், கையைக் கட்டிக்கொண்டு. வரைபடத்தின்படி கம்பி பதினோரு சென்டிமீட்டர் நகர வேண்டும்.

மேலே கட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டு நின்றது. கம்பி மெல்ல நகர்ந்தது. எட்டு. பத்து. பதினொன்றைத் தாண்டியது. பதிமூன்று. பதினைந்து. பதினேழு. பதினெட்டில் போய் நின்றது.

அவள் பென்சிலால் கோடு போட்டாள்.

“திரும்பச் செய்யுங்க” என்றார் அவர்.

திரும்பச் செய்தார்கள். மறுபக்கமும் செய்தார்கள். பதினெட்டுதான். அவர் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷம் வரைந்த மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற சந்தோஷம் தராசுக்கும் வரவில்லை. எட்டு மாதத்தில் இருநூற்று நாற்பது பேர் இந்தக் கப்பலில் ஏறப் போகிறார்கள் என்பது ஒன்றுதான் நெஞ்சில் ஓடியது.

அதற்கு வைத்தியம் ஒன்றுதான். மேலே இருப்பதைக் குறைக்க முடியாதென்றால் கீழே கனம் சேர்க்க வேண்டும். நூற்றெண்பது டன் ஈயம் வரவழைத்தார்கள். ஐம்பது கிலோக் கட்டிகள், மூவாயிரத்து அறுநூறு. ஒவ்வொன்றையும் எடை போட்டு, மஞ்சள் பெயின்டில் தராசே எண் போட்டாள். கப்பலின் அடிவயிற்றில் எந்த அறையில் எத்தனை என்று அவள்தான் பிரித்துக் கொடுத்தாள். கேபிள்காரர் தினமும் சாயங்காலம் அவள் விரல்களில் ஒட்டிய மஞ்சளைத் துணியால் துடைத்துவிடுவார்.

ஈயம் ஏறி முடிந்த அன்று தலைமை வடிவமைப்பாளர் அவளைக் கூப்பிட்டார். கதவை அவரே சாத்தினார்.

“உட்காரும்மா. ஒரு விஷயம். இந்த ஈயம் வரைபடத்துல ஏறாது.”

அவளுக்குப் புரியவில்லை. “ஏறாதுன்னா சார்?”

“வரைபடத்தை மாத்தினா மறுபடி மேலிடத்து ஒப்புதல் வாங்கணும். ஒரு வருஷம் தள்ளிப்போகும். முதல் கப்பல் இது. கோளாறுன்னு தெரிஞ்சா இனிமே இந்தத் தளத்தை எவனும் சொந்தமா வரைய விடமாட்டான். நாற்பது பேரோட உழைப்பு. கப்பல்ல வைக்கிற நிலைத்தன்மை ஏட்டுல ஒரு தாள் சேர்த்துடறேன், ஈயம் இருக்குன்னு. சோதனையில வந்த அளவு இந்த ரூமோட இருக்கட்டும். ஈயம்தான் உள்ள இருக்கில்ல? கப்பலுக்கு அது போதுமில்ல?”

கப்பலுக்கு அது போதும்தான். அவளும் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். “சரி சார்” என்றாள். அந்த ‘சரி’யை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

கப்பல் கடலுக்குப் போய்ப் பெயர் வாங்கியது. வெள்ளத்தில் மிதந்த ஊருக்கு அரிசி மூட்டை கொண்டுபோனது. கடற்கொள்ளையர் திரியும் தடத்தில் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போனது. துறைமுகம் ஒன்று தீப்பற்றி எரிந்தபோது நானூறு பேரை மேல்தளத்தில் நெருக்கி உட்காரவைத்து அழைத்து வந்தது. ஒன்பது கேப்டன்கள் மாறினார்கள். தராசு வெளியே எங்கே போய்விட்டு வந்தாலும் பாலத்து வளைவில் பஸ் திரும்பும்போது ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து, கப்பல் துறையில் நிற்கிறதா என்று பார்ப்பாள்.

பன்னிரண்டாம் வருஷம் எடைப் பிரிவை மூடினார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறதாம். அவளை வெளிவாசல் எடைமேடைக்கு, லாரிகளை நிறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். தலைமை வடிவமைப்பாளர் விருதெல்லாம் வாங்கி ஓய்வு பெற்றார்.

கப்பல் மிதந்த வருஷத்தில் பிறந்த மகள் வளர்ந்து, அப்பாவின் தொழிலையே படித்து, கடற்படையில் மின்பிரிவில் சேர்ந்தாள். அவளைப் போட்டது அதே கப்பலில் என்று தெரிந்தபோது கேபிள்காரர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: “நான் இழுத்த கேபிளை என் பொண்ணே பாத்துக்கப் போறா! இனி எவனும் என் வேலையைக் குறை சொல்ல முடியாது!”

தராசும் சிரித்தாள். ஆனால் அன்று அவள் இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்தாள்.

இருபத்து மூன்றாம் வருஷம் கப்பல் பெரிய பழுதுபார்ப்புக்கு வந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனம் வேலையை எடுத்திருந்தது. பத்து மாதம் தண்ணீர் வடித்த உலர்துறையில் நிறுத்தி, அரித்துப்போன அடித்தகடுகளை வெட்டி மாற்றினார்கள். புது ரேடார் ஏற்றினார்கள், ஏவுகணைப் பெட்டிகள் புதிதாக வந்தன. வேலை முடிந்து கப்பல் தண்ணீரில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள்.

“எப்படி இருக்கு உன் கப்பல்?” என்று கேட்டார் அப்பா.

“சூப்பரா இருக்குப்பா. முன்னெல்லாம் துறையில நின்னாலே வெடுக் வெடுக்குன்னு ஆட்டும், தலை சுத்தும். இப்ப ரொம்பச் சொகுசு. நேத்து இழுவைப்படகு ஒண்ணு வேகமாப் போச்சு, தொட்டில் மாதிரி மெதுவா ஆடுச்சு. எல்லாரும் சொல்றாங்க, புதுக் கப்பல் மாதிரி இருக்குன்னு.”

தராசு கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றுவிட்டாள். மெதுவாக ஆடுகிற கப்பல் சொகுசான கப்பல் அல்ல, நிமிர்வதற்குத் தெம்பில்லாத கப்பல். அது அவளுக்குத் தெரியும்.

“எவ்வளவு மெதுவா?”

“என்னம்மா இது, நான் என்ன வாட்சைப் பாத்துட்டா நின்னேன்?”

புது ரேடாரின் கனமாக இருக்கும், கணக்குப் போட்டிருப்பார்கள் என்று மனசை அடக்கிக்கொண்டாள். கேட்பதற்கு அவளுக்கு என்ன உரிமை, வாசலில் லாரி நிறுக்கிறவளுக்கு?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளேயிருந்து பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று எடைமேடையில் ஏறியது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. சின்ன லாரி, பாதிக்குமேல் காலி போலத் தெரிந்தது. ஆனால் எடை பதினாறு டன் காட்டியது.

“என்ன சரக்கு?” என்று டிரைவரைக் கேட்டாள்.

“பழைய இரும்புதான். சீட்டுல இருக்கு பாருங்க.”

“இரும்பு இவ்வளவு கனம் வராதே. தார்ப்பாயைத் தூக்குங்க.”

அவர் சலித்துக்கொண்டு ஒரு முனையைத் தூக்கினார்.

சாம்பல் நிறக் கட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. ஓரத்தில் மஞ்சள் எண்கள். 1177. 2073. 3417. ஏழின் நடுவே குறுக்குக் கோடு. அந்தத் தளத்தில் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

தராசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தானாக லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டது.

“என்னம்மா ஆச்சு? உடம்பு முடியலையா?”

“வண்டியை ஓரமா நிறுத்துங்க” என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. “இது வெளிய போகாது.”

லாரியின் கேட் பாஸைத் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். ஐம்பது வயசில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கிரேன் தண்டவாளத்தின் வழியாக. உலர்துறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். தார்ப்பாய்க்குக் கீழே ஆள் உயரத்துக்கு அவளுடைய கட்டிகள். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் வெளியே இருந்தன. கப்பல் துறையில் மிதந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலை சோதனை ஓட்டத்துக்குக் கடலுக்குப் போகிறது.

பழுதுபார்ப்பு மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“ஈயமா? அடித்தகடு மாத்தறதுக்காக எடுத்தோம். திருப்பி வைக்கலாம்னு பாத்தா வரைபடத்துலயே இல்லை. ஏதோ பழைய காலத்துல எவனோ போட்ட குப்பைன்னு விட்டுட்டோம். எடுத்ததால கப்பல் லேசாச்சு, வேகமும் கூடும்.”

“நிலைத்தன்மை ஏட்டுல ஒரு தாள் இருக்குமே சார்!”

“ஏட்டைப் போன வருஷம் புதுசா அச்சடிச்சாங்க. அதுல அப்படி ஒண்ணும் இல்லை. நீங்க வாசல்ல லாரி நிறுக்கறவங்கதானே? லாரியை எதுக்கு நிறுத்தினீங்க?”

தாள் போய்விட்டது. வரைபடத்தில் இல்லை. ஈயம் எதற்கென்று தெரிந்தவர்கள் யாரும் இப்போது தளத்தில் இல்லை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் சாத்திய கதவுக்குள் சொன்ன ஒரு ‘சரி’ இப்போது மூவாயிரத்து அறுநூறு கட்டிகளையும் தூக்கி வெளியே வைத்துவிட்டது.

மேனேஜரிடம் மேற்கொண்டு பேசாமல் நேரே துறைக்குப் போனாள். கப்பல் ஏறும் பலகையில் காவல்காரர் தடுத்தார். சத்தம் கேட்டு மகளே எட்டிப் பார்த்தாள்.

“அம்மா? நீ எங்க இங்க? என்னம்மா இப்படி வேர்த்து...”

“உங்க கேப்டனைப் பாக்கணும். இப்பவே.”

“விளையாடறியா? அவரை நானே பாக்க முடியாது!”

“இந்தக் கப்பல் சாஞ்சா நிமிராது. போய்ச் சொல்லு.”

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. மறுபேச்சுப் பேசாமல் உள்ளே ஓடினாள்.

கேப்டன் நெட்டையான மனிதர், அதிகம் பேசாதவர். நின்றபடியே கேட்டார். தராசு எல்லாவற்றையும் சொன்னாள். தொண்ணூறு டன், பதினெட்டு சென்டிமீட்டர், ஈயம், சாத்திய கதவு, தான் சொன்ன ‘சரி’ உட்பட. மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆதாரம் ஏதாவது இருக்கா?”

“தாள்ல இல்லை சார். ஆனா கப்பலையே கேக்கலாம். ஈயம் ஏத்தினப்புறம் இதே துறையில ஆட்டிப் பாத்தோம். ஒரு பக்கம் சாஞ்சு, மறுபக்கம் போய்த் திரும்பி வர பத்தரை விநாடி. இப்ப ஆட்டிப் பாருங்க. பத்தரை வந்தா என்னை போலீஸ்ல பிடிச்சுக் குடுங்க.”

கேப்டன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த அதிகாரியிடம், “கட்டியிருக்கற கயித்தையெல்லாம் தளர்த்துங்க. ஆளுங்களை மேல வரச் சொல்லுங்க” என்றார்.

அரைமணியில் இருநூறு பேர் மேல்தளத்தில் வரிசையாக நின்றார்கள். சமையல்காரர்கள் ஏப்ரனோடு வந்திருந்தார்கள். விசில் ஊதினால் எல்லோரும் வலப்பக்கம் ஓட வேண்டும், அடுத்த விசிலுக்கு இடப்பக்கம். முதலில் பயல்கள் சிரித்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி இருந்தது. ஓடினார்கள், திரும்பினார்கள், ஓடினார்கள். கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக ஆடத் தொடங்கியது. “நில்லுங்க!” என்றதும் எல்லோரும் நடுவில் வந்து நின்றார்கள்.

கரையில் தராசு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கேப்டன் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

கப்பல் வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, அங்கேயே நின்றது. திரும்பி வரவா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றது. பிறகு சோம்பலாக நிமிர்ந்து, மறுபக்கம் போய், அங்கேயும் தயங்கி, மறுபடி வந்தது. மேல்தளத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் இறுகின. கடலில் பழகியவர்களுக்கு அந்தத் தயக்கம் என்னவென்று உடம்பே சொல்லியது.

“பதினாலரை” என்றார் கேப்டன். மறுபடி பார்த்தார். “பதினாலரை.” இந்தக் கப்பலைச் சனிக்கிழமை முழு வேகத்தில் சட்டென்று திருப்பிப் பார்ப்பதாக இருந்தார்கள். அதற்கு அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

சனிக்கிழமை கப்பல் போகவில்லை. ஈயம் ஐந்து வாரத்தில் திரும்ப ஏறியது. மேலே புதிதாக ஏறியதற்கு ஈடாக இன்னும் எழுபது டன் சேர்த்தார்கள். இந்த முறை ஒவ்வொரு கட்டியும் வரைபடத்தில் ஏறியது.

வீட்டில் மகள் பத்து நாள் அம்மாவிடம் பேசவில்லை. பதினோராம் நாள் கேட்டாள்.

“எத்தனை வருஷம் நான் அதுல தூங்கியிருக்கேன். ஒரு நாள்கூட உனக்கு வாய் வரலையா?”

“ஈயம் உள்ள இருக்குன்னு நெனச்சேன்டி.”

“நெனச்ச. அவ்வளவுதான்.”

கேபிள்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள். மகள் கேட்டது நியாயம்தான்.

விசாரணை நடந்தது. மூன்று அதிகாரிகள், நீள மேஜை. தலைமை வடிவமைப்பாளரையும் வரவழைத்திருந்தார்கள். கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். தராசைப் பார்த்துத் தலையசைத்தார். இவர் சொல்லிவிடுவார், பெரிய மனுஷர் என்று அவள் நம்பினாள்.

“சோதனை அளவை வெளியே சொல்ல வேண்டாம்னு நீங்க இவங்ககிட்ட சொன்னீங்களா?”

அவர் கொஞ்ச நேரம் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை” என்றார். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. மேஜை, மின்விசிறி, மூன்று முகங்கள் எல்லாம் ஒரு கணம் தூரமாகப் போய்த் திரும்பி வந்தன.

“உங்களுக்கு?” என்று அவளைக் கேட்டார்கள்.

எனக்கும் ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். தாள் இல்லை, சாட்சி இல்லை.

“எனக்கு ஞாபகம் இருக்கு சார். அவர் சொன்னார், நான் சரின்னேன். எனக்கு அப்ப இருபத்தேழு வயசு, விவரம் தெரியாத வயசு இல்லை.”

அவளுடைய கோப்பில் கண்டனக் கடிதம் ஒன்று ஏறியது. லாரியை நிறுத்தியதற்குப் பாராட்டுக் கடிதமும் அதே வாரம் வந்தது. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து. கேபிள்காரர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “தராசுக்கு ரெண்டு தட்டும் நெரம்பிடுச்சு” என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் அன்றைக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஒரு மாதம் கழித்து மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் மூச்சிரைக்கும் சத்தம்.

“நான்தாம்மா பேசறேன்.” தலைமை வடிவமைப்பாளரின் குரல். “எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கும் இருந்துச்சு.”

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அவர் மறுத்த அன்று வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. மறந்துபோன கிழவர் என்று மன்னித்து வைத்திருந்தாள். இப்போது அதற்கும் வழியில்லை. அந்தக் குரலில் இருந்த களைப்பை நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை. மூன்று மாதத்தில் அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அவள் போகவில்லை. மாலை மட்டும் அனுப்பினாள்.

அடுத்த வருஷம், கப்பல் வெளிக்கடலில் ஒரு பெரும்புயலில் மாட்டியது. மூழ்கிக்கொண்டிருந்த மீன்பிடிக் கப்பலிலிருந்து ஆட்களை எடுக்கப் போயிருந்தது. நான்கு நாள் தகவல் இல்லை. ஐந்தாம் நாள் மகள் எந்தத் துறைமுகத்திலிருந்தோ பேசினாள். குரல் கம்மிப் போயிருந்தது.

“அம்மா, நல்லா இருக்கேன். எல்லாரும் நல்லா இருக்கோம். பதினோரு பேரைக் காப்பாத்திட்டோம். ஆனா ஒரு அலை வந்துச்சும்மா, பக்கவாட்டுல. நான் சுவத்துமேல நின்னேன். தரைமேல இல்லை, சுவத்துமேல. சாய்வு காட்டுற முள் ஐம்பத்தாறு டிகிரி காட்டுச்சாம். கேப்டன் சொன்னார்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நிமிந்துடுச்சு. வெடுக்குன்னு நிமிந்துச்சு. என்னைத் தூக்கி எறிஞ்சதுல தோள்பட்டை பிசகிடுச்சு. அந்த வெடுக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமாம்மா?”

போனை வைத்ததும் தராசு சமையலறை மேஜையில் ஒரு தாளை எடுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஈயம் இல்லாமல், புது ரேடாரோடு, அந்தக் கப்பல் எத்தனை டிகிரி வரை சாய்ந்தால் நிமிர்ந்திருக்கும்? எண்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். போட்டாள். விடையைப் பார்த்தாள். தப்பாகப் போட்டிருப்போம் என்று தாளைத் திருப்பி மறுபடி போட்டாள். அதே விடை.

கேபிள்காரர் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “என்ன இது?”

“ஈயம் இல்லாம இருந்தா, நாப்பத்தொம்பது டிகிரி. அதுக்குமேல நிமிராது.”

“இப்ப எவ்வளவு சாஞ்சுச்சாம்?”

“ஐம்பத்தாறு.”

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேஜைமேல் நறுக்கின வெங்காயம் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

அந்தத் தாளை அவள் மகளிடம் காட்டவில்லை. ஆனால் மகள் கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு விடுமுறையில் மகளே கேட்டாள், அவளும் சொன்னாள். மகள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “அம்மா, இனிமே எங்கிட்ட எதையும் ஒளிக்காதே” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கப்பல் அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடி, முப்பத்திரண்டாம் வயசில் ஓய்வு பெற்றது. தளத்தில் எடைப் பிரிவை மறுபடி திறந்து மூன்று பேரைப் போட்டார்கள். தராசு ஓய்வுக்கு முந்தைய நான்கு வருஷம் அங்கேதான் இருந்தாள். மேடைக்கு வருகிற எந்தச் சீட்டையும் அவர்களும் நம்புவதில்லை.

அவளுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. உடம்பு திடமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு தொந்தரவு, பஸ்ஸில் போக மாட்டாள். பாலத்து வளைவில் பஸ் சாயும்போது அவளுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. நிமிர்ந்து நேராக ஓடத் தொடங்கும்வரை வாய்க்குள் விநாடிகளை எண்ணுகிறாள், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் எங்கே போவதானாலும் நடந்தே போகிறாள். கேபிள்காரர் முட்டிவலியைச் சபித்துக்கொண்டே கூடப் போகிறார்.